பைப்புக்கு ஒன்று, ராடுக்கு ஒன்று: கையால் வெட்டும் கருவியை வடிவமைக்கும் முறை

பைப்பையும் ராடையும் ஒரே கருவியால் வெட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் புதிதாக வடிவமைக்க வருபவர்கள் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். இரண்டையும் வெட்டும் கைக்கருவி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அது ஹேக்சா. ஆனால் ஹேக்சா தூள் கொட்டும், வெட்டு கோணலாகும், வைஸ் இல்லாத இடத்தில் பைப் ஆடும். ஏ.சி. காப்பர் டியூபுக்குள் அந்தத் தூள் போனால் கம்ப்ரஸர் வரை போய்ச் சேரும். சக்கரம் வைத்த பைப் கட்டரில் தூளே வராது. காரணம், அது உலோகத்தை அறுத்து எடுப்பதில்லை, ஒதுக்கித் தள்ளுகிறது. சக்கரம் இறங்க இறங்க உலோகம் பக்கவாட்டிலும் உள்பக்கத்துக்கும் நகர்கிறது. உள்ளே வெற்றிடம் இருப்பதால்தான் இது நடக்கிறது. ராடில் அந்த வெற்றிடம் கிடையாது. சக்கரம் இரண்டு மூன்று மி.மீ. இறங்கியதும் சிக்கிக்கொள்ளும், அதற்கு மேல் திருகினால் விளிம்பு உடையும். ஆகவே பைப்புக்குச் சக்கரக் கட்டர், ராடுக்குத் துளைக் கத்தரி (ராடைத் துளையில் நுழைத்து வெட்டுவது) என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி பைப் கட்டரைப் பற்றியது. வடிவமைப்பில் கவனிக்க வேண்டியவை அதில்தான் அதிகம்.

எந்த அளவுகளுக்கு?

வரைபடத்தைத் தொடுவதற்கு முன் அளவுகளை எழுதி வையுங்கள். பெங்களூரில் பழைய வீடுகளின் தண்ணீர் வேலையில் கைக்கு வருவது ஐ.எஸ். 1239 என்ற இந்தியத் தரத்தில் வரும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப். அதில் அரை இஞ்சுக்கு வெளி விட்டம் 21.3 மி.மீ., முக்கால் இஞ்சுக்கு 26.9, ஒரு இஞ்சுக்கு 33.7. சுவர் கனம் அரை இஞ்சில் லைட் 2.0, மீடியம் 2.6, ஹெவி 3.2 மி.மீ. ஒரு இஞ்சில் மீடியம் 3.2, ஹெவி 4.0. ஏ.சி. வேலையில் கால் இஞ்சு டியூப் 6.35 மி.மீ., அரை இஞ்சு 12.7, எட்டில் ஐந்து இஞ்சு என்று கேட்கப்படுவது 15.88 மி.மீ. இவற்றின் சுவர் ஒரு மி.மீ.க்கு உள்ளேதான்.

6 முதல் 34 மி.மீ. வரை எல்லாவற்றையும் ஒரே உடலில் அடக்கப் பார்க்காதீர்கள். சிறிய டியூபுக்குத் தனியாக ஒரு சின்னக் கட்டர் செய்வது நல்லது. இங்கே 12 முதல் 34 மி.மீ. வரை வெட்டும் கட்டரை எடுத்துக்கொள்வோம்.

முதலில் சக்கரம், பிறகுதான் மற்றவை

பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோடு கடைகளில் பைப் கட்டருக்கான மாற்றுச் சக்கரங்கள் தனியாகவே கிடைக்கும். முதல் கருவிக்குச் சக்கரத்தை நீங்களே செய்ய வேண்டாம். கடையில் எளிதாகக் கிடைக்கும் ஒரு சக்கரத்தை வாங்கி, வெர்னியரில் அளந்து, அதைச் சுற்றிக் கருவியை வரையுங்கள். ஓராண்டு கழித்துச் சக்கரம் தேய்ந்தால் மாற்றுக் கிடைக்க வேண்டுமே.

வாங்கும்போது மூன்று அளவுகளைப் பாருங்கள்.

முதலாவது, விளிம்பு எவ்வளவு வெளியே நிற்கிறது என்பது. சக்கரத்தின் வெளி விட்டத்திலிருந்து நடுக்குடத்தின் (நடுவே தடித்த பகுதியின்) விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுங்கள். விட்டம் 20, குடம் 10 என்றால் 5 மி.மீ. இது பைப்பின் சுவர் கனத்தைவிட அதிகமாக இருந்தே ஆக வேண்டும். 4 மி.மீ. ஹெவி பைப்புக்கு 5 போதும். 3.5 மட்டும் வெளியே நிற்கும் சக்கரத்தை எவ்வளவு திருகினாலும் குடம் பைப்பில் உரசி நின்றுவிடும், பைப் பிரியாது. சக்கரத்தைப் பிடிக்கும் கவையின் காதுகளும் குடத்தின் விட்டத்தைத் தாண்டி வெளியே நீளக் கூடாது. வரைபடத்தில் இதைச் சரிபார்க்க மறப்பவர்கள் பலர்.

இரண்டாவது விளிம்புக் கோணம். காப்பருக்கு ஒல்லியான விளிம்பு, இரும்புக்குப் பருத்த விளிம்பு. 60 டிகிரி விளிம்பு 2.6 மி.மீ. இறங்கும்போது மேலே 3 மி.மீ. அகலப் பள்ளம் உண்டாகும். 45 டிகிரியில் அது 2.2 மி.மீ.தான். கோணம் குறைந்தால் கை வலி குறையும், ஆனால் ஜி.ஐ. பைப்பில் விளிம்பு பிசிறு பிசிறாக உடையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்புக்கு அதற்கென்று உள்ள சக்கரத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த உலோகம் தேய்க்கத் தேய்க்க இறுகும் தன்மை கொண்டது, அதில் மொண்ணைச் சக்கரம் வழுக்குமே தவிர இறங்காது.

மூன்றாவது துளை. துளை 5.000 முதல் 5.012 வரை, அதற்கான கடினப் பின் 4.992 முதல் 5.000 வரை இருந்தால் சக்கரம் உருளும், ஆடாது. கடையில் டவல் பின் என்று கேட்டால் சற்றுப் பெரிதாக அரைத்த வகையைத் தரக்கூடும். அது சக்கரத்துக்குள் இறுகிவிடும். மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்து வாங்குங்கள். குடத்தின் அகலம் 8 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். குடம் ஒடுங்கினால் அதே 0.02 மி.மீ. இடைவெளி சக்கரத்தை அதிகமாகச் சாய்க்கும்.

உருளைகளை வைக்கும் இடம்

பைப் இரண்டு உருளைகள் மேல் உட்கார்கிறது, எதிரே சக்கரம். உருளையின் விட்டம் 16, இரண்டின் மையங்களுக்கு நடுவே 22 மி.மீ. என்று தொடங்குவோம். பைப்பின் மையம் உருளை மையக்கோட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதைச் செங்கோண முக்கோணக் கணக்கிலேயே எடுத்துவிடலாம். இரண்டு ஆரங்களின் கூட்டலை வர்க்கமாக்கி, 11-இன் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுங்கள்.

12 மி.மீ. டியூபுக்கு ஆரங்களின் கூட்டல் 14. உயரம் 8.7 மி.மீ., டியூபின் உச்சி 14.7. 34 மி.மீ. பைப்புக்குக் கூட்டல் 25. உயரம் 22.4, உச்சி 39.4. அப்படியானால் சக்கரம் நகர வேண்டிய தூரம் 24.8 மி.மீ. இதோடு சுவர் கனம் 4, பைப்பை நுழைக்க 3 சேர்த்து 32 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உருளைகளை இன்னும் விலக்கி வைத்தால் பெரிய பைப் நன்றாக உட்காரும், ஆனால் 12 மி.மீ. டியூப் நடுவில் இறங்கி ஆப்பு வைத்ததுபோல் இறுகும். மேலே கண்ட அளவுகளில் சிறிய டியூபின் தொடுகோணம் 52 டிகிரி. இதற்கு மேல் போக வேண்டாம். உருளையின் நீளம் 30 மி.மீ. நீளம் குறைந்தால் பைப் சாயும். மேற்பரப்பு வழவழப்பாக இருக்கட்டும், நர்லிங் (சொரசொரப்புக் கோடுகள்) கூடாது. சக்கரம் ஒதுக்கும் உலோகம் வெளிப்பக்கத்தில் வரப்புபோல் எழும்பும், வழவழப்பான உருளை அதை அமுக்கிவிடும். காப்பரில் தழும்பும் விழாது.

உடல்: எவ்வளவு தாங்க வேண்டும்?

வடிவமைப்பு விசையை 3000 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 300 கிலோ எடை என்று எடுங்கள். உடலை 6 மி.மீ. கனமுள்ள இரண்டு ‘சி’ வடிவக் கன்னத்தகடுகளாக, இடையே 30.5 மி.மீ. விட்டு அமைப்பது நல்லது. உருளைகளும் சக்கரத்தைத் தாங்கும் நகர்கட்டையும் தகடுகளுக்கு நடுவே உட்காரும். ஒரே கனத்த தகட்டைவிட இந்த அமைப்பு முறுக்கை மிக நன்றாகத் தாங்கும். இரண்டு தகடுகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் துளை போட்டால் பின்கள் தாமாகவே இணையாக அமையும். பைப் கட்டரின் தரம் இந்த இணைத்தன்மையில்தான் இருக்கிறது.

‘சி’ வடிவத்தின் முதுகு எவ்வளவு அகலம் என்று கணக்கிடுவோம். விசைக்கோட்டிலிருந்து முதுகின் உள்விளிம்பு 20 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும், ஏனென்றால் பைப்பின் ஆரம் 17, இடைவெளி 3. முதுகு 20 மி.மீ. அகலம் என்றால் வளைவுத் திருப்பம் 3000 பெருக்கல் 30, அதாவது 90,000 நியூட்டன் மி.மீ. தகைவு (ஒரு சதுர மி.மீ.க்கு வரும் விசை) நேரிழுவையையும் சேர்த்து 125 மெகாபாஸ்கல். சாதாரண மைல்டு ஸ்டீலின் நெகிழ்வு எல்லை 250. இரண்டு மடங்கு பாதுகாப்பு என்று நினைத்து இங்கேயே நின்றுவிடுகிறார்கள். நிற்கக் கூடாது. கைப்பிடியில் மனிதர் எவ்வளவு அழுத்துவார் என்று பார்க்க வேண்டும்.

எம்10 திருகில், புரியிடை 1.5 மி.மீ., உராய்வு 0.15 என்றால் 3000 நியூட்டன் தர 4.4 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். இதில் 1.3 திருகின் நுனி உராய்வுக்கே போய்விடுகிறது. 100 மி.மீ. நீள ‘டி’ கைப்பிடி என்றால் ஒவ்வொரு பக்கமும் நாலரைக் கிலோ அழுத்தம் போதும். அவசரத்தில் ஒருவர் பத்துக் கிலோ அழுத்துவது சாதாரணம். அப்போது விசை 6700 நியூட்டனைத் தொடும், 20 மி.மீ. முதுகில் தகைவு 280-ஐ நெருங்கும், உடல் விரிந்து அப்படியே நின்றுவிடும். முதுகை 25 மி.மீ. ஆக்கினால் அதே பத்துக் கிலோவிலும் தகைவு 200-க்குள் அடங்கும். சில கிராம் எடைதான் கூடும். 25-ஐயே எடுங்கள். கைப்பிடியை 100 மி.மீ.க்கு மேல் நீட்டவும் வேண்டாம்.

அலுமினியத்தில் செய்தால் எடை குறையுமே என்ற கேள்வி வரும். 3000 நியூட்டனில் எஃகு முதுகு சுமார் 0.09 மி.மீ. விரியும், அலுமினியம் அதைப் போல மூன்று மடங்கு, 0.27 மி.மீ. ஒரு சுற்றுக்குக் கொடுக்கும் ஊட்டமே (சக்கரத்தை இறக்கும் அளவே) 0.19 மி.மீ.தான் என்பதால் நீங்கள் திருகுவது முழுவதையும் உடல் விழுங்கும். காப்பருக்கு மட்டும் என்றால் அலுமினியம் பரவாயில்லை. ஜி.ஐ.க்கு வேண்டாம்.

சக்கரம் ஏன் ‘மரை’ ஓடுகிறது?

புதுக் கட்டரில் அதிகம் வரும் கோளாறு இது. ஒரு சுற்று முடிந்ததும் சக்கரம் தொடங்கிய கோட்டுக்குத் திரும்பாமல், திருகுமரைபோல் பக்கத்தில் போய் நிற்கும். சக்கர அச்சும் பைப் அச்சும் இணையாக இல்லை என்பதே காரணம். 33.7 மி.மீ. பைப்பின் சுற்றளவு 106 மி.மீ. கோணப் பிழை அரை டிகிரி என்றால் ஒரு சுற்றில் 0.9 மி.மீ. விலகும். 0.1 டிகிரி என்றால் 0.18 மி.மீ. அவ்வளவு சிறிய விலகலை முதல் சுற்றில் விழுந்த பள்ளமே இழுத்துச் சரிசெய்துகொள்ளும். ஆக நம் இலக்கு 0.1 டிகிரி.

இதை அடைய, இரண்டு கன்னத்தகடுகளின் மேல்கையிலும் 10 மி.மீ. அகல நீள்துளை போட்டு, நகர்கட்டையின் இரு பக்கமும் நீட்டிய நாக்குகளை அவற்றில் ஓட விடுங்கள். நாக்குகளுக்கு இடையே 36 மி.மீ. தூரம், நீள்துளையில் இடைவெளி 0.05 மி.மீ. என்றால் திரும்பும் கோணம் 0.08 டிகிரிக்குள் நிற்கும். நீள்துளையின் கீழ்முனை, சக்கர விளிம்பு உருளை மையக்கோட்டிலிருந்து 12 மி.மீ. உயரத்தில் இருக்கும்போது நகர்கட்டையைத் தடுக்க வேண்டும். இல்லையென்றால் பைப் இல்லாமல் யாராவது திருகும்போது சக்கரம் உருளைகளுக்கு இடையே இறங்கிவிடும்.

செய்யும் வரிசை

முதலில் 1:1 அளவில் அட்டையிலோ பிளைவுட்டிலோ வெட்டி, சுவரை ஒட்டிய பைப்பில் சுற்றிப் பாருங்கள். கைப்பிடி சுவரில் இடித்தால் இப்போதே தெரியும். முழுச் சுற்றுக்கு இடமே இல்லாத மூலைகளுக்கு, உருளைகளுக்குப் பதிலாக மேலும் சக்கரங்கள் வைத்த கட்டர் பொருத்தம். அதை அரைச் சுற்றுக்கும் குறைவாக முன்னும் பின்னும் ஆட்டினாலே போதும். ஆனால் வெளிப்பக்க வரப்பை அமுக்க உருளை இருக்காது, அரம் போட வேண்டும்.

வரைபடத்தை ஃப்ரீகேடில் போடலாம், செலவில்லை. முதல் கோண வீச்சில் (ஃபர்ஸ்ட் ஆங்கிள்), ஏ3 தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். எல்லா அளவுக்கும் நுண்ணிய டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவு வேறுபாடு) எழுதினால் பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டை வொர்க்‌ஷாப்பில் விலை ஏறும். நுணுக்கம் வேண்டியவை நான்கே: உருளைத் துளைகள், நீள்துளை, நாக்கின் அகலம், சக்கரப் பின் துளை. மற்றவற்றுக்கு 0.2 மி.மீ. விட்டாலும் போதும்.

தகடுகளின் வெளி வடிவத்தை லேசரில் வெட்டலாம். உருளைத் துளைகளை லேசரில் போடாதீர்கள். துளை மேலும் கீழும் ஒரே அளவாக இருக்காது, விளிம்பும் இறுகிப்போகும், அதில் ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) மொண்ணையாகும். இரண்டு தகடுகளையும் கிளாம்ப் போட்டு 7.8-இல் துளைத்து, 8 மி.மீ. ரீமர் ஓட்டுங்கள். நீள்துளையை இரண்டையும் அடுக்கியபடியே ஒயர்கட்டில் (மின்பொறியால் வெட்டும் கம்பி இயந்திரத்தில்) எடுங்கள். ஒரே ஒரு கருவிக்கு ஒயர்கட் கடைகள் தயங்கலாம். இரண்டு மூன்று ஜோடிகளைச் சேர்த்துக் கொடுத்தால் அமைப்பு நேரம் பகிர்ந்துபோகும்.

உருளைகளை இ.என்.31 எஃகில் கடைந்து, எண்ணெயில் குளிர்வித்து, 180 முதல் 200 டிகிரியில் டெம்பர் செய்தால் 60 எச்.ஆர்.சி. (கடினத்தன்மையின் அளவு) அருகே நிற்கும். அரைப்பதற்கு 0.2 மி.மீ. கூடுதல் விட்டுக் கொடுங்கள். உலையிலிருந்து வந்ததை ஒரு நல்ல அரத்தால் தேய்த்துப் பாருங்கள், அரம் வழுக்கினால் சரி. பிடித்தால் திருப்பி அனுப்புங்கள். திருகு இ.என்.8 எஃகு, மரைக்கட்டை கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்), மரையின் நீளம் 15 மி.மீ.க்குக் குறையாமல். எஃகோடு எஃகு ஓடினால் ஜி.ஐ. தூசியில் கவ்விக்கொள்ளும். திருகின் நுனியை 6 மி.மீ.க்கு ஒடுக்கி உருட்டிவிடுங்கள், நகர்கட்டையோடு ஒரு சர்க்ளிப்பால் (பள்ளத்தில் மாட்டும் வளையத்தால்) இணையுங்கள், அப்போதுதான் பின்னுக்குத் திருகும்போது சக்கரமும் கூடவே வரும்.

சோதனையும் கோளாறும்

அரை இஞ்சு மீடியம் பைப்பில் தொடங்குங்கள். நேரான ஓரமுள்ள தாளைப் பைப்பைச் சுற்றி ஒட்டிக் கோடு போடுங்கள். சக்கரம் தொட்டதும் கால் திருப்பத்தில் பாதி கொடுத்து ஒரு முழுச் சுற்று சுற்றிப் பள்ளம் பள்ளத்தோடு சேர்கிறதா பாருங்கள். சேர்ந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் எட்டில் ஒரு பங்கு திருப்பம், அதாவது 0.19 மி.மீ. 2.6 மி.மீ. சுவருக்குப் பதினான்கு சுற்று ஆகும். இதைக் குறைக்க நினைத்து ஒரே தடவையில் அரைத் திருப்பம் கொடுத்தால் மெல்லிய காப்பர் நீள்வட்டமாக நசுங்கும், டியூபின் முனையை விரித்துப் பொருத்தும் ஃபிளேர் நட் உட்காராது.

பள்ளம் சேரவில்லை என்றால் முதலில் சக்கரப் பின்னை ஆட்டிப் பாருங்கள், அடுத்து நாக்கு, கடைசியாகத்தான் உருளைத் துளைகள். விளிம்பில் ஓரிடம் மட்டும் உடைந்திருந்தால் பைப்பின் நீளவாக்கு வெல்டிங் தையல் காரணமாக இருக்கலாம். அங்கே உலோகம் கடினமாகவும் சற்று மேடாகவும் இருக்கும், அந்த இடத்தில் நிதானமாகச் சுற்றுங்கள். விளிம்பு முழுக்கச் சிதறியிருந்தால் சக்கரத்தின் டெம்பரிங் சரியில்லை.

உள்பக்கப் பிசிறைக் கவனிக்காமல் விடுவது பெரிய தவறு. அரை இஞ்சு மீடியம் பைப்பின் உள்விட்டம் 16.1 மி.மீ. சுற்றிலும் ஒரு மி.மீ. பிசிறு நின்றால் 14.1 ஆகும், தண்ணீர் போகும் பரப்பில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடும். மேல்தொட்டியிலிருந்து குறைந்த அழுத்தத்தில் வரும் லைனில் இதன் விளைவு குழாயைத் திறந்ததும் தெரியும். உடலின் பின்பக்கம் மடக்கி வைக்கும் மூன்று விளிம்பு ரீமர் ஒன்றை இணைத்துவிடுங்கள். தனியாகக் கொடுத்தால் தொலைந்துபோகும்.

ராடுக்குத் துளைக் கத்தரி

போல்ட் கட்டர் ராடின் முனையை உளிபோல் நசுக்கும். பக்கத்தில் பக்கமாக இரண்டு கடினத் தகடுகள், இரண்டிலும் ஒரே அளவுத் துளை, ராடை நுழைத்து ஒரு தகட்டை நகர்த்தினால் முனை ஏறத்தாழ வட்டமாகவே வரும்.

மைல்டு ஸ்டீலின் வெட்டு வலிமையை 330 மெகாபாஸ்கல் என்று எடுங்கள். 6 மி.மீ. ராடின் பரப்பு 28.3 சதுர மி.மீ., விசை 9300 நியூட்டன். துளையைச் சுழல் அச்சிலிருந்து 15 மி.மீ.யில் வைத்து, கைப்பிடியை 600 மி.மீ. நீட்டினால் நாற்பது மடங்கு, கையில் 23 முதல் 24 கிலோ. ஒருவரால் முடியும். 8 மி.மீ. என்றால் 42 கிலோ, அதற்கு உடல் எடையைச் சாய்க்க வேண்டும், அல்லது இரட்டை நெம்புகோல் வேண்டும். கட்டடத்துக்குப் போடும் ஃபெ 500 டி.எம்.டி. கம்பியின் இழுவலிமை 545-க்குக் குறையாது, 8 மி.மீ.க்கே 22,000 நியூட்டனுக்குப் போகும். இந்தக் கருவியில் அதை முயல வேண்டாம்.

தகடுகள் டி2 எஃகு, 10 மி.மீ. கனம், 56 முதல் 58 எச்.ஆர்.சி. இதற்கு மேல் கடினமாக்கினால் அதிர்ச்சியில் விரிசல் விடும். 6 மி.மீ. ராடுக்குத் துளை 6.2, தகடுகளுக்கு நடுவே இடைவெளி 0.05 முதல் 0.1 மி.மீ. வரை, ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்யலாம். இடைவெளி கூடினால் ராடு வெட்டுப்படாமல் வளைந்து உள்ளே இறங்கி அடைத்துக்கொள்ளும். சுழல் அச்சுக்கு 8.8 தர எம்12 போல்ட், மரை வெட்டாத தண்டுப்பகுதி இரண்டு தகடுகளையும் கடக்கும் நீளத்தில். மரைப்பகுதி வெட்டுத்தளத்தில் விழுந்தால் சில வாரங்களில் துளை நீள்வட்டமாகும்.

நிலைத்தகட்டை மேசையோடு போல்ட் போட்டுப் பிடியுங்கள். கைப்பிடி இழுப்பு 140 நியூட்டன் மீட்டர் திருப்பத்தைத் தரும், சி கிளாம்ப் நழுவும். மரையுள்ள ராடை வெட்டுவதானால் முன்கூட்டியே ஒரு நட்டை ஏற்றிவிட்டு வெட்டுங்கள், வெட்டியபின் நட்டைக் கழற்றும்போது நசுங்கிய மரை நேராகும். ஷாக் அப்சார்பர் தண்டு, ஸ்பிரிங் கம்பி போன்ற கடினமாக்கிய எதையும் இதில் நுழைக்காதீர்கள். அவை முறியும்போது துண்டு தெறிக்கும், தகட்டின் துளை விளிம்பும் உடையும். வாங்கிய ராடு எது என்று தெரியாவிட்டால் முனையில் அரம் போட்டுப் பாருங்கள். அரம் வழுக்கினால் அது இந்தக் கத்தரிக்கு உரியதல்ல, கட்டிங் வீல் போட்ட கிரைண்டருக்கு உரியது.